உப்பும் சர்க்கரையும்

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, புளியந்தோப்பிலுள்ள எமது இல்லத்தில் எம் தம்பி வாந்திபேதியால் சோர்ந்து கிடந்தான். நீர் கொடுத்தாற் பேதி மிகுமென்றஞ்சி, அவன் இரந்து கேட்டும் யாம் மறுத்தோம். பாட்டியார் எம்மைக் கடிந்து, காய்ச்சியாறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, விடியுமளவும் சிறிது சிறிதாகப் புகட்டினார். காலையில் மருத்துவரிடம் கொண்டு சென்றோம், பிள்ளை பிழைத்தான்.

அக்கலவையின் மர்மத்தைப் பின்னர் உயிரியல் வகுப்பிலே உணர்ந்தோம். சிறுகுடலின் உயிரணுச் சவ்வில் ஒரு புரதம் வாயில்காப்போன்போல் நிற்கின்றது. இரண்டு சோடிய அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் கூடி வந்தாலன்றி அது வழிவிடாது. உயிரணுவினுள் சோடியம் குறைவு, ஆதலின் பள்ளம் நோக்கிப் பாயும் வெள்ளம்போல் அது உட்புகுங்கால், சர்க்கரையையும் உடனிழுத்துச் செல்லும், நீரும் பின்தொடரும். புகுந்த சோடியத்தை வேறொரு புரதம் ஆற்றலைச் செலவிட்டு வெளியேற்றுவதால் பள்ளம் தூர்வதில்லை. காலராவின் நஞ்சும் இவ்வாயிலை அடைப்பதில்லை.

இக்கூட்டுப் போக்குவரத்தை 1960இல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். 1971இல் வங்காளத்துப் பங்காவ் அகதி முகாமில், இத்தகைய கரைசலையே மருத்துவர் திலீப் மஹலானபிஸ் வழங்க, நூற்றுக்கு 30 அளவினதாயிருந்த காலரா மரணம் 4க்கும் கீழே தாழ்ந்தது.

தாகித்த வாய்க்கு நீர் மறுத்த எம் பிழையை யாம் மறவோம். இதனைப் பயிலும் நண்பர் எவரும் அப்பிழை செய்யாதிருப்பாராக.