நீர்விளிம்பு மாளிகையில் மூன்று இரவுகள்

துருக்கி மொழியில் 'யாலி' என்றொரு சொல் உண்டு. கடற்கரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. நீரின் விளிம்பிலேயே, படித்துறையில் அலை வந்து மோதுமாறு எழுப்பப்பெற்ற மாளிகைக்குத்தான் அப்பெயர் பொருந்தும். அதே மாளிகை சற்று உள்ளே தள்ளித் தோட்டத்தின் நடுவே நின்றால் 'கோஷ்க்' ஆகிவிடும். அந்தக் கோஷ்க்தான் ஐரோப்பியர் நாவில் புகுந்து, இரயில் நிலையத்தில் பத்திரிகை விற்கும் 'கியாஸ்க்' என்னும் சிறு கடையாய்ச் சுருங்கிப் போயிற்று. சொற்களுக்கும் வீடுகளைப் போலவே ஏற்றமும் இறக்கமும் உண்டு போலும்.

இஸ்தான்பூல் நகரை இரு கண்டங்களாய்ப் பிரித்தோடும் பாஸ்பரஸ் நீரிணையை அவ்வூரார் 'போகாஸ்' என்பர். தொண்டை என்பது அதன் பொருள். ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளமுடைய அந்தத் தொண்டை, மிகக் குறுகிய இடத்தில் 700 மீட்டர் அகலமே கொண்டது. அவ்விடத்தில்தான் ஆசியக் கரையில் சுல்தான் பாயஸீத் கட்டிய கோட்டையும், எதிர்க்கரையில் 1452ஆம் ஆண்டு சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹ் கட்டிய கோட்டையும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. மேல்நீர் கருங்கடலிலிருந்து மர்மராவை நோக்கி ஓட, அடிநீர் அதற்கு எதிர்த் திசையில் ஓடுகிறது. இந்த இரட்டை ஓட்டத்தின் இருமருங்கிலும் பாஷாக்களும் வஸீர்களும் அரண்மனை மருத்துவர்களும் கோடையைக் கழிக்க எழுப்பிய மர மாளிகைகளே யாலிகள். எஞ்சியிருப்பனவற்றுள் மிகப் பழையது, வஸீர் அம்ஜாஸாதே ஹுஸைன் பாஷா 1699இல் கட்டியது. அதிலும் விருந்தினரை வரவேற்கும் கூடம் ஒன்றே இன்று மிஞ்சியுள்ளது.

அயல்நாட்டில் பணிபுரியும் நம் மைந்தரின் அன்பளிப்பாக, ஆசியக் கரையில் விடுதியாய் மாற்றப்பட்ட யாலி ஒன்றில் மூன்று இரவுகள் தங்கும் வாய்ப்பு நமக்கும் நம் துணைவியாருக்கும் கிட்டியது. விடுதியின் பெயர் இங்கு வேண்டாம். ஓர் இரவுக்கான வாடகையைச் செவியுற்றதும், "இதில் நம் வீட்டு அரிசியும் பருப்பும் எத்தனை மாதத்திற்கு வரும்!" என்று துணைவியார் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். மகன் கொடுத்த பணம் முன்னமே கட்டியாயிற்று என்று கூறியே அவரை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது.

வீட்டின் அமைப்பைச் சிறிது சொல்ல வேண்டும். நீர்மட்டத்தில், முற்காலத்தில் படகுகளை உள்ளே இழுத்துவிடும் வளைவறை. அதுவே இப்போது காலைச் சிற்றுண்டிக் கூடம். மேலே, நீரின்பால் துருத்தி நிற்கும் சன்னல் மாடங்கள். நடுவே பரந்த கூடம். அறைகளெல்லாம் அதனுள்ளேயே திறக்கின்றன. அந்த நடுக்கூடத்திற்குத் துருக்கியர் வழங்கும் பெயர் 'ஸோஃபா'. 'ஸுஃப்பா' என்னும் அரபுச் சொல்லே அது. மதீனத்துப் பள்ளியின் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்களை 'அஹ்லுஸ் ஸுஃப்பா' என்று நாம் அறிவோம். அந்தச் சொல் பாஷாக்களின் கூடத்திற்குப் பெயராகிப் பின்னர் மெத்தை தைத்த இருக்கைக்கும் பெயராயிற்று. வெறுந்திண்ணையிலிருந்து மெத்தை வரை அச்சொல் வந்த தொலைவை எண்ணியபடியே அந்த இருக்கையில் நாம் சாய்ந்திருந்தோம்.

காலை வெயில் அலைமேல் பட்டு, கூரைப் பலகையில் ஓயாது நெளியும் ஒளிவலையாய் விழுகிறது. படுத்தபடியே நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரவில் கப்பல்கள் கடக்கும்போது சன்னற் கண்ணாடி மெல்ல அதிரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கப்பல்கள் அந்தத் தொண்டை வழியே போகின்றனவாம். வீட்டைவிட உயரமான எண்ணெய்க் கப்பலொன்று சன்னலை முழுவதும் மறைத்துக்கொண்டு நகர்ந்தபோது, வீடுதான் நகர்கிறதோ என்று மயங்கிக் கட்டிலைப் பற்றிக்கொண்டார் துணைவியார்.

இம்மாளிகைகள் ஆடவர் விருந்தோம்பும் 'ஸெலாம்லிக்' என்றும், பெண்டிர் புழங்கும் 'ஹரெம்லிக்' என்றும் இரு கூறாய் இருந்தவை. துணைவியாரின் கருத்தெல்லாம் இரண்டாவதிலேயே இருந்தது. அவர் காயல்பட்டினத்தில் பிறந்தவர். வீதி ஆடவருக்கும், வீடுகளின் இடையே ஓடும் முடுக்கு பெண்களுக்கும் என்று வகுத்த ஊர் அது. மணமான பின்னும் மகள் தாய்வீட்டிலேயே வாழ்ந்து, வீடும் மகளுக்கே சேரும் வழக்கமுடையது. பின்னல் மரச்சட்டத்தின் ஊடே நீரை நோக்கி நின்றவர், "இங்கே நின்றவர்களும் எங்களைப் போல் பார்க்கப்படாமல் பார்த்தவர்கள்தாம்" என்றார்.

அவர் மனத்தில் ஓடியது நமக்குப் புதிதன்று. காயலில் அவர் தாயாரின் வீடு நான்காண்டுகளாய்ப் பூட்டிக் கிடக்கிறது. உரிமையுடைய சகோதரியர் மூவரும் மூன்று ஊர்களில் வாழ்கின்றனர். கூரை ஒழுகுகிறது; தேக்குத் தூண்களில் கறையான் ஏறுகிறது. இடித்து அடுக்ககம் கட்ட ஒருவர் விலை பேசினார். வெளியூரார் தங்கும் விடுதியாக்கலாம் என்றார் உறவினர் ஒருவர். மூத்தவருக்கு இரண்டாவது யோசனை பிடித்திருந்தது. "உம்மா மவுத்தான அறையில் முன்பின் தெரியாதவர்கள் படுத்துக் கிடப்பதா?" என்று அதற்குத் தடை சொன்னவர் நம் துணைவியார்தாம். இப்போதோ, யாரோ ஒரு தாய் மறைந்திருக்கக்கூடிய அறையில் முன்பின் தெரியாதவர்களாய் நாமே படுத்துக் கிடந்தோம்.

நம் கருத்து மூத்தவரின் பக்கமே சாய்ந்திருந்தது, காரணமும் உண்டு. மர மாளிகைக்குத் தீயே பெரும்பகை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் யாலிகள் எரிவதை மக்கள் திரண்டு நின்று பார்த்ததை எழுத்தாளர் ஓர்ஹான் பாமுக் தம் இஸ்தான்பூல் நினைவு நூலில் பதிந்துள்ளார். எஸ்மா சுல்தானின் மாளிகை 1975இல் எரிந்து, இன்று செங்கற் சுவர்களுக்குள் கண்ணாடியும் இரும்புமாய் நிற்கிறது. கரையில் புதிய கட்டடங்களைக் கட்டுப்படுத்தி 1983இல் சட்டம் வந்தது. எனினும் சட்டம் மரத்துக்கு வண்ணம் பூசுமா? உப்புக்காற்று தின்னும் பலகையை மாற்றுவதற்குப் பணம் வேண்டும். வாரிசு பெருகப் பெருகப் பங்கு சிறுக்கிறது, செலவோ சிறுப்பதில்லை. தீயிலும் வறுமையிலும் தப்பினாலும் கப்பல் வரும். 2018 ஏப்ரலில் பார்லி ஏற்றிவந்த 225 மீட்டர் நீளக் கப்பலொன்று இயந்திரம் பழுதாகி, இரண்டாம் பாலத்தருகே இருந்த ஹெகிம்பாஷி ஸாலிஹ் எஃபெந்தியின் யாலிக்குள் புகுந்து அதைப் பெரும்பகுதி நொறுக்கிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. தலைமை மருத்துவர் ஒருவர் வாழ்ந்த வீடு அது. ஆகவே, யார் தங்கினால் என்ன, வீடு நிற்கிறதே என்பது நம் வாதம்.

இரண்டாம் நாள் மாலை அவ்வாதத்திற்கு ஓர் அடி விழுந்தது. மாடிப்படிச் சுவரில் ஒரு பழைய நிழற்படம் தொங்கியது. ஃபெஸ் தொப்பியணிந்த பெரியவர், இரு பெண்கள், கடற்படைச் சட்டையணிந்த சிறுவன். போகும்போதும் வரும்போதும் அதன்முன் நின்ற துணைவியார், இவர்கள்தாம் வீட்டார் என்று முடிவுகட்டி, அச்சிறுவனுக்கு ஓர் உறவும் கற்பித்துக்கொண்டார். வரவேற்பில் இருந்த இளம்பெண்ணை அவர்கள் பெயர் கேட்டபோது, அவள் கள்ளமின்றிச் சிரித்து, "இந்த வீட்டார் அல்லர் அம்மா, அலங்காரத்திற்காகப் பழம்பொருட் கடையில் சட்டத்தோடு வாங்கியது" என்றாள்.

அன்றிரவு அவர் சரியாக உண்ணவில்லை. "வீட்டின் முகத்தையும் விற்றுவிட்டு, வேறொருவர் முகத்தை விலைக்கு வாங்கி மாட்டியிருக்கிறார்கள். இந்தப் படத்தில் இருப்பவர்களின் வீடு எங்கே போயிற்று?" என்றார். நாம் மறுமொழி சொல்லவில்லை. பலகையைக் காத்தவர்கள்மேல் பழிசுமத்த நமக்கு மனமில்லை. அவர் கேட்டதைத் தள்ளவும் இயலவில்லை.

மறுநாள் கான்லிஜாவுக்குப் போனோம். சிற்பி ஸினான் 1559-60இல் கட்டிய இஸ்கந்தர் பாஷா பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, கரையோரத்தில் அமர்ந்து, அவ்வூர்த் தயிரைச் சர்க்கரைத் தூள் தூவி உண்டோம். தயிருக்கு உப்பன்றோ பொருத்தம் என்று வாதிட நமக்கு ஆவல்தான்; துணைவியாரோ இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

அங்கிருந்தபடியே மூத்த சகோதரிக்குத் தொலைபேசினார். விடுதியாக்கும் யோசனைக்கு இசைவதாகவோ மறுப்பதாகவோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ராத்தா, எது செய்தாலும் சரி, உம்மா அறை நம் மூவருக்கும் இருக்கட்டும், அதை வாடகைக்கு விடவேண்டாம். கூடத்துப் படங்களை முதலில் இறக்கி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெயர் எழுத வேண்டும். வாப்பாவோடு நிற்பவர் யார் என்று உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு, எந்த மையில் எழுதினால் அழியாது என்று கேட்டாராம் மூத்தவர்.