கடைசிப் படகு போன பிறகு

"சனம் இல்லாத, வடிவான இடமா ஒண்டு சொல்லுங்கோ" எண்டு எங்கட வட்ஸ்அப் குழுவில் கேட்டால் முதல் பதில் எல்லதான். எல்ல வடிவில்லை எண்டு யார் சொன்னது? ஆனால் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வாற நேரம் பார்த்து போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கூட்டத்துக்குள்ள அமைதியைத் தேட ஏலாது. அடுத்ததாக ஹப்புத்தளை வந்தது. குழுவில் ஒரு தோழி அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். "நீங்க வியூன்னு சொல்றது எங்கம்மா கொழுந்து எடுக்கிற மலை. தாராளமா வாங்க, ஆனா லயத்துக்கு முன்னால நின்னு போட்டோ எடுக்காதீங்க" என்று எழுதினாள். பகிடியாகத்தான். ஆனாலும் அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் ஒண்டும் எழுதவில்லை.

அந்த இடைவெளியில்தான் நான் நெடுந்தீவு எண்டு போட்டேன்.

அது அம்மம்மா பிறந்த ஊர். கலியாணம் முடிச்ச கையோடு வன்னிக்கு வந்தவ, பிறகு திரும்பிப் போய் இருக்கவில்லை. நாங்கள் விடுமுறைக்குப் போறம் எண்டதும் அவவுக்கு விளங்கவேயில்லை. "தண்ணியில்லாத ஊருக்கு என்னத்துக்குப் போறியள்?" அவவுக்குத் தெரிஞ்ச நெடுந்தீவு கிணற்றடியில் குடத்தோடு காத்து நிற்கிற நெடுந்தீவு. எனக்குத் தெரிஞ்சது இன்ஸ்டகிராமில் பார்த்த குதிரைகள்.

போற வழி லேசு. யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு தாண்டி குறிகட்டுவான் வரை பஸ். அங்கே கூட்டம் கண்டு பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல நயினாதீவுக்குப் போற ஆக்கள். நெடுந்தீவுப் படகு வேற. ஏறினால் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். காலம்தான் முக்கியம். மாரி முடிஞ்சு பெப்ரவரி, மார்ச்சில் புல் பச்சையாக இருக்கும், கடலும் பெரிசாகக் குழப்படி பண்ணாது. கச்சதீவுத் திருவிழாவும் அந்த நாட்களில்தான் வரும், அதை மட்டும் பார்த்து விலத்துங்கோ. சோளகம் பலமாக அடிக்கிற மாதங்களில் கடலில் பழக்கமில்லாத ஆக்களுக்கு வயிறு பிரட்டும். கோடையில் போனால் அந்தக் குதிரைகளே தண்ணிக்கு அலையிறதைப் பார்க்க வேண்டி வரும்.

அனேகமான ஆக்கள் காலையில் வந்து, வாகனம் ஒண்டு பிடிச்சு, ஒல்லாந்தர் கோட்டையின்ர இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம், குதிரை எண்டு ஒரு சுற்று ஓடிப்போட்டு பின்னேரப் படகில் திரும்பிவிடுவினம். அப்படிப் போனால் நெடுந்தீவும் எல்ல மாதிரித்தான், வெயில் மட்டும் கூட. ஒரு இரவு தங்குங்கோ. கடைசிப் படகு போன பிறகு வாற சத்தமின்மை வேற சாமான். சாந்தில்லாமல் கோறைக்கல்லை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கின வேலிகள் ஒழுங்கை முழுக்கப் போகும். அந்தக் கல்லுகளின் ஓட்டைக்குள்ளால காற்று ஊதிக்கொண்டு வரும். பொழுதுபட்டால் பனைக்கூட்டம் கறுத்து நிற்கும். மாடுகள் தாங்களாகவே வீடு திரும்பும். நாங்கள் ஐந்து பேரும் ரெண்டு மணித்தியாலம் கதைக்காமல் இருந்தது அங்கேதான், அதுவும் சண்டை பிடிக்காமல்!

ஆனால் அந்த அமைதி எதனால் வந்தது எண்டு பார்த்தால் மனம் கொஞ்சம் கனக்கும். நாங்கள் படம் எடுத்த வேலிகளில் பலதுக்கு உள்ளே வீடில்லை. சனம் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே கடலைத்தான் நாங்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு கடந்தோம். ஊர்ச் சனம் ஒவ்வொரு வருசமும் மே மாதத்தில் அவர்களை நினைவுகூருகினம். பம்பலுக்குப் போற ஆக்களுக்கு இது தேவையோ எண்டு கேட்பீர்கள். தெரிஞ்சிருந்தால் பாட்டின் சத்தத்தையாவது கொஞ்சம் குறைப்பீர்கள்.

நாங்கள் தங்கின வீட்டு அக்காவிடம் "உங்கட ஊர் எவ்வளவு அமைதி" எண்டு ஒருத்தன் உருகிச் சொன்னான். அவ மீன் வெட்டிக்கொண்டே, "ராவில பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா இந்த அமைதி பிடிக்காது தம்பி" எண்டா. கோபமில்லாமல்தான் சொன்னா. ஊரில் ஆஸ்பத்திரி இருக்கு, ஆனால் வருத்தம் கடுமையெண்டால் கடல் கடக்க வேணும், கடல் விடவும் வேணும். பிறகு அதே அக்கா, "நீங்கள் ரெண்டு நாள் நிண்டது நல்லது, பகல் வாற ஆக்கள் சோறும் கட்டிக்கொண்டெல்லோ வருகினம்" எண்டு சிரிச்சா. இதை எழுத உட்கார்ந்ததே அந்தச் சொல்லுக்காகத்தான். ஆளில்லாத இடத்தைத் தேடிப் போறம் எண்டு நாங்கள் சொன்னாலும், எங்களுக்குச் சோறு போட அங்க ஆள் இருக்க வேணும். தங்கினால் காசு ஊரில நிற்கும். ஊர்வீட்டில் மீனும் ஒடியல் கூழும் சாப்பிடுங்கோ. நகரத்துப் பார்சலைவிட ருசியாகவும் இருக்கும். குளிக்கிற தண்ணியைப் பார்த்துப் பாவியுங்கோ. பிளாஸ்டிக் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாங்கோ.

இன்னுமொண்டு. திரும்பி வாறதுக்குத் திங்கள் விடியப் படகை எடுக்காதேங்கோ. அதில் கந்தோருக்கும் கிளினிக்குக்கும் போற ஆக்கள், யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள், பால் கான், கருவாட்டு மூட்டை எல்லாம் ஏறும். உங்கட பயணப்பைக்கு அங்க இடமில்லை. அடுத்த படகு வருமட்டும் இறங்குதுறையில் இருந்து கடலைப் பாருங்கோ.