எட்டு மணி நேரம்

"இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருந்தால்..." என்று ஏங்குகிறவர்கள் இல்லாத வீடு உண்டா, சொல்லுங்கள்! என் அம்மா இருபத்தைந்து வருஷம் அப்படி ஏங்கினாள்.

1992-ல், கிராமத்து வீட்டில் ஓடு மாற்ற ஏறிய என் அண்ணா வழுக்கி விழுந்துவிட்டார். முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. வண்டி பிடித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் பொழுது விடிந்துவிட்டது. "எட்டு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ஓர் ஊசி போட்டிருக்கலாம்" என்று அங்கே யாரோ சொன்னது அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அது என்ன ஊசி தெரியுமா? நம் சிறுநீரகங்களின்மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்ட்டிஸால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் சாயலில் மனிதன் செய்த மருந்துதான் மெதில்பிரட்னிசலோன். அடிபட்ட தண்டுவடம் வீங்கி மேலும் நசியாமல் அது காக்கும் என்று நம்பினார்கள். 1990-ல் அமெரிக்காவில் மைக்கேல் பிராக்கன் குழுவினர் 487 நோயாளிகளைச் சோதித்து, எட்டு மணிக்குள் கொடுத்தால் ஓரளவு பலம் திரும்புகிறது என்று வெளியிட்டார்கள். உலகமெங்கும் அந்த ஊசி பரவியது.

ஆனால், எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பலன் தெரியவில்லை. சீக்கிரம் ஊசி பெற்றவர்களைத் தனியே பிரித்தபோதுதான் தெரிந்தது. பல வைத்தியர்கள் இதை ஆட்சேபித்தார்கள். அவ்வளவு அதிக அளவு மருந்தினால் கிருமித் தொற்றும், வயிற்றில் ரத்தக் கசிவும் வரக்கூடும். 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை நிபுணர்கள் "வேண்டாம்" என்றே சொல்லிவிட்டார்கள். 2017-ல் வேறொரு நிபுணர் குழு, எட்டு மணிக்குள் என்றால் யோசிக்கலாம் என்றது.

இத்தனையும் அம்மாவிடம் நிதானமாகச் சொன்னேன். "அந்த ஊசி போட்டிருந்தால் அண்ணா எழுந்து நடந்திருப்பார் என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது, அம்மா."

"அப்படியானால் நான் அவனுக்குத் துரோகம் பண்ணவில்லையே?" என்றாள். அன்றைக்கு அழுதாளே, அது பாரம் இறங்கிய அழுகை.

சகோதரிகளே, அண்ணாவை இத்தனை நாள் காத்தது எது என்கிறீர்கள்? படுக்கைப் புண் வராமல் இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தரம் மன்னி அவரைப் புரட்டிப் படுக்கவைத்தது. சக்கர நாற்காலியில் உட்காரப் பழக்கிய பயிற்சி. இன்று அவர் தம் கடைக் கணக்கைத் தாமே பார்க்கிறார்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், பதறிப்போய்க் கையும் காலுமாகத் தூக்காதீர்கள். கழுத்தும் முதுகும் வளையாமல், பலகையில் நேராகக் கிடத்தி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த முதல் உதவி நம் கையில்தான் இருக்கிறது.