இடக்கண் துடித்தது

"பொம்பளைக்கு இடக்கண் துடிச்சா நல்லது. ஏதோ வரவு இருக்கு" என்றார் என் மாமியார். கீழிமை மட்டும் லேசாகத் துடித்துக் கொண்டிருந்த சமயம். எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான். வரவு ஒன்றும் வரவில்லை. துடிப்புதான் கன்னத்துக்கு இறங்கி, ஒரு வருஷத்துக்குள் வாயோரத்தையும் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. தூக்கத்தில்கூட நிற்பதில்லை என்று இவர் சொல்லித்தான் தெரிந்தது.

அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குக் காபி நீட்டுகிறேன், இடது கண் பட்டென்று மூடி, வாய் கோணிக்கொண்டது. அந்த மனுஷர் முகமே மாறிவிட்டது. கண்ணடித்தேன் என்று நினைத்தாரோ, பழித்துக் காட்டினேன் என்று நினைத்தாரோ! அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே இரும்மா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருஷம் நான் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. விளக்கெண்ணெய், மந்திரிப்பு, சத்து மாத்திரை எதுவும் பாக்கியில்லை. ஒரு டாக்டர், "எல்லாம் டென்ஷன்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கடைசியில் நரம்பு டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுத்தோம். மூளையின் அடித்தண்டிலிருந்து முக நரம்பு புறப்படுகிற இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்திக் கொண்டிருக்கிறதாம். அதனால்தான் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது. இரண்டு கண்ணும் தானாக இறுக மூடிக்கொள்கிற வியாதி வேறு. தலையைத் திறந்து, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே சின்ன மெத்தை மாதிரி வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது என்றார். 'தலையைத் திறந்து' என்றதுமே இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்!

இன்னொரு வழி போட்டுலினம் ஊசி. கெட்டுப்போன டப்பா உணவில் உண்டாகிற அதே விஷம், துளியிலும் துளி. சான்பிரான்சிஸ்கோ கண் டாக்டர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்காக ஆராய்ந்து கண்டது. 1989-ல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் அனுமதி கிடைத்ததாம்.

விஷம் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "போட்டுப் போட்டு இமைத் தசையே செத்துப் போயிடாதா டாக்டர்?"

"கோளாறு தசையில இல்லம்மா, அதுக்கு உத்தரவு போடற நரம்புல" என்றார். கண்ணைச் சுற்றி வளையம் போல ஒரு தசை இருக்கிறது. மெல்லிய நார்கள், வேகமாக வேலை செய்பவை. நரம்பின் உத்தரவு அதற்குப் போய்ச் சேராமல் ஊசி மறித்துவிடும். வேலையில்லாத நார்கள் கொஞ்சம் மெலியும், மாவுக்கட்டுப் போட்ட கை மெலிகிற மாதிரி. பிறகு நரம்பின் நுனி புதிதாகத் துளிர்க்கும், பழைய தொடர்பும் திரும்பும், தசையும் தேறிவிடும். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பின்னால் ஆபரேஷனில் எடுத்த இமைத் தசையை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். நிரந்தரமான பெரிய சேதம் தெரியவில்லையாம். "தசை தேறிடறதாலதானே மூணு நாலு மாசத்துக்கு ஒருதரம் நீங்க திரும்ப வர வேண்டியிருக்கு!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

ரொம்ப மெல்லிய ஊசி. எறும்புக் கடி என்று சொல்லமாட்டேன், இமையில் குத்தினால் வலிக்கத்தான் செய்கிறது. நாலைந்து நாளில் துடிப்பு அடங்கியது. ஆனால் கண்ணை இறுக மூட முடியவில்லை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது சீயக்காய் உள்ளே இறங்கி, உயிர் போய்விட்டது. மேலிமை சற்றுத் தொங்கி, மூன்று வாரத்தில் சரியானது. கண் உலராமலிருக்கச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன்.

செலவுதான் உறைக்கிறது. மாதச் சீட்டுப் பணம் இதற்கே போகிறது.

அந்த வரனே அண்ணன் மகளுக்கு முடிந்தது. போன மாதம் வளைகாப்பு. மனையில் உட்கார்ந்திருந்தவளுக்கு வளையல் போட, அண்ணியே என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அதே சித்தப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். நேராக முகத்தைப் பார்த்து, "காபி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

நேற்றிலிருந்து கீழிமை மறுபடி லேசாகத் துடிக்கிறது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, "ஊசி என்னிக்கு?" என்று மட்டும் கேட்டார். வருகிற வியாழக்கிழமை.