கொடையா, கூலியா?

2024 ஜூலையின் கடைசி வாரம். மும்பையில் ஒரு விடுதி அறையில், முனைவர் பட்ட ஆய்வில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் வருமான வரிப் படிவத்தைத் திறந்து வைத்து அமர்ந்திருந்தார். மே மாதம் வரை பெங்களூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றியவர். எண்கள் எல்லாம் கையில் இருந்தன. ஓர் எண் மட்டும் அவரைத் தடுத்து நிறுத்தியது: இரண்டு இலட்சம் ரூபாய்.

2023 ஜூனில் பணியில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த சேர்க்கை போனஸ் அது. பதினெட்டு மாதங்களுக்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தரவேண்டும் என்பது நியமனக் கடிதத்தின் நிபந்தனை. ஆய்வில் சேர இடம் கிடைத்ததும் அவர் விலகினார். கணக்கு முடிக்கும்போது நிறுவனம் இரண்டு இலட்சத்தையும் கழித்துக்கொண்டது.

ஆனால், அவர் கைக்கு இரண்டு இலட்சம் ஒருபோதும் வந்ததில்லை. மாதச் சம்பளம் 1,30,000. மார்ச் வரையிலான பத்து மாதங்களுக்கு 13 இலட்சம். போனஸோடு 15 இலட்சம். நிலைக்கழிவு 50,000 போக மீதி 14.5 இலட்சம். புதிய வரி முறையில் அந்த நிதியாண்டில் 12 முதல் 15 இலட்சம் வரையிலான அடுக்குக்கு 20 விழுக்காடு வரி. ஆகவே போனஸின் மீதான வரி 40,000. அதன்மேல் 4 விழுக்காடு தீர்வை 1,600. அவர் பெற்றது 1,58,400. திருப்பித் தந்தது 2,00,000. இடையிலுள்ள 41,600 அரசுக் கருவூலத்தில் இருந்தது.

படிவத்தில் ‘போனஸ்’ என்றொரு கட்டத்தை அவர் தேடினார். அப்படியொன்று இல்லை. போனஸுக்குத் தனி வரி விகிதமும் இந்தியாவில் இல்லை. போனஸ் வந்த மாதத்தில் பிடித்தம் மிகுவதைக் கண்டு பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், ஆண்டு வருமானம் உயர்ந்ததால் நிறுவனம் மொத்த வரியை மறுபடி கணக்கிட்டுப் பிடிப்பதே அது. நிறுவனம் தந்த படிவம் 16-இல் 17(1) பிரிவின் கீழ் சம்பளம் என்ற ஒரே எண்ணுக்குள் போனஸும் கரைந்துவிட்டிருந்தது. வரிச் சட்டத்தின் கண்ணில் அது கொடை அன்று, கூலி.

இந்த முடிவுக்காக ஒரு காலத்தில் அதே மும்பையில் ஆலைகள் நின்றன. அவருடைய ஆய்வுப் பொருளே அதுதான். முதல் உலகப் போர்க்கால விலையேற்றத்தை முன்னிட்டு 1917-இல் பஞ்சாலைத் தொழிலாளருக்குத் தரப்பட்ட போனஸ், போருக்குப் பின்னரும் ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1923-ஆம் ஆண்டுக்கு அது இல்லை என்று முதலாளிகள் அறிவித்தனர். 1924 ஜனவரியில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பம்பாய்த் தலைமை நீதிபதி சர் நார்மன் மெக்லியாட் தலைமையிலான குழு, வழக்கத்தாலோ சட்டத்தாலோ நியாயத்தாலோ போனஸைக் கோரும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று முடிவு கூறியது. 1965-இல்தான் போனஸ் வழங்கல் சட்டம் வந்தது. அதில் நான்கு விழுக்காடாக இருந்த குறைந்தபட்சம் பின்னர் 8.33 ஆயிற்று, அதாவது ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

அந்தச் சட்டத்தின் ஊதிய வரம்புக்கு மேற்பட்டவர் இந்த இளைஞர். அவருடைய போனஸ் ஒப்பந்தத்தால் வந்தது, ஒப்பந்தத்தாலேயே போனது. பெற்ற நாளில் வரித்துறைக்கு அது கூலி. விலகிய நாளில் நிறுவனத்துக்கு அது நிபந்தனையோடு தந்த முன்பணம்.

ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டார். அதே நிதியாண்டில், அதாவது மார்ச் 31-க்குள் விலகியிருந்தால் நிறுவனமே படிவம் 16-இல் சரிசெய்திருக்கக்கூடும் என்றார் அவர். ஆண்டு கடந்துவிட்டால் திருப்பித் தந்த போனஸைக் காட்டுவதற்கெனச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. விலகும் ஊழியரின் சம்பளத்திலிருந்து நிறுவனம் மீட்டுக்கொண்ட தொகையை வருமானமாகக் கருத முடியாது என்று வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அகமதாபாத் அமர்வு 2017-இல் கூறியிருப்பது ஒரு துணை. ஆனால், தொகையை மீட்ட ஆண்டிலேயே கழித்துக்கொள்வதால் இவருக்குப் பயனில்லை. அந்த ஆண்டில் இவருக்கு இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே. கல்விச் செலவுக்கான உதவித்தொகைக்கு அப்போதைய சட்டத்தின் 10(16) பிரிவின்படி வரி இல்லை. கட்டவேண்டிய வரியே இல்லாத இடத்தில் கழிவு எதைக் குறைக்கும்?

எஞ்சியிருந்தவை இரண்டு வழிகள். முந்தைய ஆண்டின் வருமானத்திலிருந்து இரண்டு இலட்சத்தைக் குறைத்துக் காட்டி 41,600 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாம். படிவம் 16-உடன் எண் பொருந்தாததால் விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும், வழக்காகவும் நீளலாம். அல்லது பொருந்தும் எண்ணையே எழுதிவிடலாம். அவர் இரண்டாவதைச் செய்தார். அந்த எண்ணில் பொய் இல்லை. கையில் இல்லாத பணமும் அதில் வருமானமாக நின்றது. அந்த 41,600 ஓர் ஆய்வு மாணவரின் ஒரு மாத உதவித்தொகையைவிட அதிகம்.

வேலையை விட்டு ஆய்வுக்கு வர நினைக்கும் இளையவர்கள் அவரிடம் யோசனை கேட்கும்போது, அவர் முதலில் கேட்பது ஆய்வுத் தலைப்பை அன்று, நியமனக் கடிதத்தை. போனஸைத் திருப்பித் தர நேர்ந்தால் வரி பிடித்தது போகக் கைக்கு வந்த தொகையைத் தந்தால் போதுமா, முழுத் தொகையையும் தரவேண்டுமா என்று கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். விலகுவதென்றால், இயன்றவரை மார்ச் 31-க்குள் கணக்கு முடிக்கச் சொல்கிறார்.