கோடு சரி, கோடுதான் சரியில்ல!

ரொம்ப நாளா மனசுல கெடக்குற ஒரு பழைய கணக்கு மக்கா. இன்னிக்கு எழுதித் தீர்த்துடறேன்.

2015. தங்கச்சி பொண்ணு எம்.இ. கடைசி செமஸ்டர். சூடான உலோகத் தகடு ஆறும்போது வெப்பநிலை எப்படி இறங்குதுங்கறதுதான் ப்ராஜெக்ட். சூத்திரப்படி ஒரு கோடு, லேப்ல அளந்தது ஒரு கோடு. ரெண்டையும் ஒரே படத்துல ஒப்பிடணும், அவ்ளோதான் மேட்டர். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்ல. நான்தான் ஆக்டேவ் போட்டுக் கொடுத்தேன். (பெரிய பரோபகாரி!)

வைவாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி போன்.

"மாமா, விட்டு விட்டு வரவேண்டிய கோடும் முழுக்கோடா வருது. ஸ்கிரீன்ல கலர் இருக்கறதால இத்தனை நாள் கவனிக்கல. கறுப்பு வெள்ளைல பிரிண்ட் எடுத்தா எது எதுன்னே தெரியல."

"நீ ஏதாவது விட்டிருப்ப. கோடை நல்லா பாரு"ன்னு சொல்லிட்டு தூங்கிட்டேன். காலைல போய்ப் பார்த்தா, '--' போட வேண்டிய இடத்துல அழகா போட்டிருக்கா. கோடு சரி, கோடுதான் சரியில்ல!

விஷயம் என்னன்னா, அவகிட்ட இருந்த பழைய ஆக்டேவ் படம் வரைய நூப்ளாட்டைக் கூப்பிடற மாதிரி வெச்சிருந்தேன். (1986ல தாமஸ் வில்லியம்ஸும் காலின் கெல்லியும் எழுத ஆரம்பிச்சது. பேர்தான் அப்படி, ஜிஎன்யூ திட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.) ஹோட்டல்ல சர்வர் உள்ள பார்த்து சத்தம் கொடுப்பாரே, அது மாதிரி ஆக்டேவ் கட்டளைகளை எழுத்தா அனுப்பும், நூப்ளாட் வரையும். நடுவுல என்ன பேசிக்கறாங்கன்னு நமக்குத் தெரியாது.

ஒட்டுக்கேட்க வழி இருக்கு. 'ட்ராநௌ' கட்டளைக்கு கடைசியா ஒரு கோப்பு பேர் கொடுத்தா, நூப்ளாட்டுக்குப் போற மொத்தமும் அதுல விழும். திறந்து பார்த்தேன். '--'க்கு 'லைன்டைப் 2'ன்னு போயிருக்கு. நூப்ளாட் 4ல பல டெர்மினல்கள்ல அந்த நம்பருக்குள்ளயே டேஷும் அடக்கம். 2015 ஜனவரில வந்த 5.0ல நம்பர் வேற, டேஷ் வேறன்னு பிரிச்சுட்டாங்க. டேஷ் வேணும்னா 'டேஷ்டைப்'னு தனியா கேட்கணும். பழைய சர்வர் பழைய நம்பரைச் சொல்றார், உள்ள மெனு மாறிடுச்சு. எர்ரர்கூட வராது. கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணு!

அந்தக் கோப்புலயே 'லைன்டைப் 2' பக்கத்துல 'டேஷ்டைப் 2'ன்னு கையால சேர்த்து, நேரா நூப்ளாட்டுக்குக் கொடுத்தேன். டேஷ் வந்துடுச்சு! ஒவ்வொரு படமா மாத்தி முடிக்க மதியம் ஆச்சு. அவ பைண்டிங் கடைக்கு ஓடினா, வைவாவும் நல்லபடியா முடிஞ்சது.

இப்ப கணக்கு. அந்த நூப்ளாட்டை 5க்கு மாத்தினது யாரு? ஹிஹி... புதுசு வந்திருக்கேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து நானேதான் ஏத்தினேன். அன்னிக்கு அதைச் சொல்லல. "மென்பொருள்ல பிரச்சனைம்மா"ன்னு சொல்லி காபி குடிச்சுட்டு வந்துட்டேன்.

போன மாசம் வீட்டுக்கு வந்திருந்தப்போ ஒருவழியா சொல்லிட்டேன். சிரிச்சா.

"தெரியும் மாமா. அந்த கம்ப்யூட்டர்ல உங்களைத் தவிர வேற யாரு கை வெப்பா?"

டிஸ்கி: பின்னாடி வந்த ஆக்டேவ் பதிப்புகள் எந்த நூப்ளாட்னு பார்த்து அதுக்கேத்த மாதிரி கேட்கும். ஆனாலும் வைவா முடியற வரைக்கும் எதையும் அப்டேட் பண்ணாதீங்க. முக்கியமா, மாமாவை விடாதீங்க!