பெருக்காமல் எண்ணுகிறவர்கள்

மைக்காத் துண்டின் மேல் செலோடேப்பை ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்து, ஒரே இழுப்பில் உரித்தார் அந்த ஆராய்ச்சி மாணவி. கண்ணாடிபோல் ஒரு படலம் டேப்போடு முழுசாக வந்தது. கிழிந்து வந்திருந்தால் மறுபடி உரிப்பாராம். புதிதாக வெளிப்பட்ட பரப்பு அணு அளவுக்குச் சமதளம். தூசி படிவதற்குள் டிஎன்ஏ கரைசல் ஒரு சொட்டு அதில் விழ வேண்டும்.

இடம், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம். ஊசி முனையால் பரப்பைத் தடவிப் படமெடுக்கும் அணுவிசை நுண்ணோக்கியைப் பார்க்கத்தான் போனேன். பாதி நாள் இந்தக் கைவேலையிலேயே போனது.

மைக்காவும் டிஎன்ஏவும் இரண்டுமே எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். நடுவே மெக்னீசியம், நிக்கல் போன்றவற்றின் உப்பு இருந்தால் ஒட்டும். உப்பு குறைந்தால் கழுவும்போதே இழைகள் போய்விடும். நிக்கல் கூடினாலோ விழுந்த வாக்கில் சுருண்டே இறுகிவிடும், நீளம் அளக்க முடியாது. அளவு என்னவென்று கேட்டேன். குறிப்பேட்டில் இருப்பது ஒன்று, கைக்குத் தெரிந்தது இன்னொன்று என்று சிரித்தார்.

ஊசி பொருத்துவது அதைவிடப் பொல்லாத வேலை. சில மில்லிமீட்டர் நீளமுள்ள சிலிக்கான் சில்லு, அதன் விளிம்பில் மெல்லிய நாக்கு, நாக்கின் நுனியில் ஊசி. முனையின் ஆரம் 10 நானோமீட்டருக்கும் குறைவு. இடுக்கி நழுவினால் அந்த ஊசி குப்பைக்குத்தான். 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் இந்தக் கருவியை முதலில் செய்தபோது தங்கத் தகட்டில் வைரச் சில்லை ஒட்டித்தான் ஊசியாக்கினார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு செல்லில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்றறிய, அது அனுப்பும் ஆர்என்ஏ செய்திகளை எண்ண வேண்டும். வழக்கமாக அவற்றை டிஎன்ஏ ஆக்கி, பிசிஆரில் பெருக்குவார்கள். சரியாக ஓடாத ஜெராக்ஸ் இயந்திரம் மாதிரி, அது ஒரு பக்கத்துக்கு ஆயிரம் பிரதியும் இன்னொன்றுக்கு நூறும் போட்டுவிடலாம். பெருக்காமல், மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தே எண்ணினால் என்ன? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தினரும் நியூயார்க் பல்கலைக்கழகத்தினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் போனது. குறிப்பிட்ட எழுத்து வரிசைகள் வரும் இடங்களில் மட்டும் புடைப்பு விழும்படி அடையாளமிட்டு, புடைப்புகளுக்கு இடையிலான தூரத்தை வைத்தே இழை எதுவென்று சொன்னார்கள். 15 வகைக் கலவையில், வகைக்கு 100க்கும் குறைவான பிரதிகளைப் பார்த்தே விகிதம் சரியாக வந்தது. ஏறக்குறைய 9,000 வகைகள் கொண்ட ஒற்றைச் செல்லை மட்டும் கணினி உருவகத்தில்தான் சோதித்தார்கள்.

திரையில் படம் வரிவரியாக இறங்கியது. ஆயிரம் எழுத்து இணைகள் என்றால் 340 நானோமீட்டர் இழை. திடீரென்று எல்லா இழைகளும் ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. நான் வாயைத் திறப்பதற்குள், ஊசி முனை உடைந்து இரட்டையாகிவிட்டது என்று சொல்லிப் படத்தை அழித்தார்.

எனக்கு உறுத்தியது அடுத்த கட்டமான எண்ணிக்கை. ஒன்றன்மேல் ஒன்று விழுந்தவை, அறுந்தவை, விளிம்பில் பாதி தெரிபவை எல்லாம் கணக்கில் சேராது. எதைத் தள்ளுவது என்பதில் கண் ஆசைப்பட்டதைச் செய்யாதா? பிசிஆரின் ஓரவஞ்சனையை விரட்டிவிட்டு நம்முடையதை உள்ளே விட்டதாகாதா? தள்ளும் விதிகளை முன்பே எழுதி மென்பொருளிடம் கொடுத்துவிடுவார்களாம். ஆனாலும் நீளமான இழை மற்றொன்றின் மேல் விழ வாய்ப்பு அதிகம். அதனால் தள்ளுபடியில் நீளமானவையே கூடுதலாகப் போகும், அதற்கும் திருத்தம் போட வேண்டும் என்று அவரே சொன்னார்.

ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள். ஒரு மனிதச் செல்லிலோ லட்சக்கணக்கில் செய்தி மூலக்கூறுகள். ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் நொடிக்குப் பல படம் எடுக்கும் கருவி உண்டு, ஆனால் அது ஒரு சமயத்தில் பார்ப்பது மிகச் சிறிய பரப்பு. வரிசையறியும் இயந்திரங்கள் இதற்குள் ஆயிரக்கணக்கான செல்களைத் தனித்தனியே படிக்கத் தொடங்கிவிட்டன. வேகத்தில் இந்த ஊசி அவற்றை எட்டாது. ஆனால் ஒரே மரபணுவிலிருந்து நீளம் மாறி வரும் வடிவங்களைப் பிரித்தறிய வேண்டிய இடத்தில், அதுவும் மாதிரி துளியளவே கிடைக்கும்போது, நான் இதற்கே ஓட்டுப் போடுவேன்.